விண்கலத்துக்கு ஊதிய சங்கு

பதுளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சங்கு ஊதி ஆட்களை வேலைக்கு அழைப்பவன் நான். மாதக்கணக்கில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்த விண்கலம் மறுபடியும் பூமியோடு பேசிவிட்டதாக ஒரு ஞாயிறு காலை கைப்பேசியில் படித்தேன். தலைகால் புரியாமல் சங்கு அறைக்கு ஓடிப்போய்ச் சங்கை ஊதினேன். லீவு நாள் என்பதே மறந்துபோயிற்று.

பத்து நிமிடத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே கொழுந்துக் கூடையோடு வந்து நின்றது.

“கறி அடுப்புல கெடக்கு. எதுக்குய்யா கூப்புட்ட?” என்றார் முன்னால் நின்ற அக்கா.

அடி நிச்சயம். ஓடுவதற்கு வசதியாக அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, “காணாமப் போன விண்கலம் பேசிருச்சுங்க அக்கா!” என்றேன்.

“எம்புட்டு தூரத்துல இருந்து?”

“கோள் எல்லாத்தையும் தாண்டிங்க.”

அக்கா கூடையை இறக்கினார். “அம்புட்டு தூரத்துக்கு இந்தச் சத்தம் கேக்குமாய்யா? நல்லா ஊது!”

லயமே குலவையிட்டது. நான் விடாமல் ஊதினேன்.