வலியசாலைக் கிணற்றில் இரண்டு கிரேஃபிஷ்

நாகர்கோவிலில் நான் நடத்தும் மீன் சாப்பாட்டுக் கடைக்கு, துபாயிலிருந்து விடுமுறையில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள்: "அக்கா, கிரேஃபிஷ் போட மாட்டியளா?" நன்னீரில் வளர்கிற சிவப்புச் சாமான் அது, பார்க்கச் சிங்கி இறாலுக்குத் தம்பி மாதிரி இருக்கும். கண்ணாடித் தொட்டியில் உயிரோடு விட்டு, வாடிக்கையாளர் கைகாட்டியதை எடுத்துச் சமைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வெளிநாட்டிலிருந்து உயிரோடு இறக்க என்ன விதி என்று போனில் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போன ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதில் வாங்காமல் திரும்புவதில்லை என்று திருவனந்தபுரம் கிளம்பினேன்.

காலை 6.10 பேருந்து. சுமார் எழுபது கிலோமீட்டர், 8.30க்குத் தம்பானூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து பழவங்காடிக் கோவிலுக்குப் பத்து நிமிட நடை. இரண்டு தேங்காய் வாங்கி, ஒன்றைப் பிள்ளையாருக்கு உடைத்தேன். அனுமதி கிடைத்தால் இன்னொன்று என்று வேண்டிக்கொண்டு அதைப் பையில் போட்டேன். அதிகாரியிடம் காட்ட ஒரு மாதிரி வேண்டாமா? வண்ணமீன் கடையில் ஒரு ஜோடி கிரேஃபிஷ் 700 ரூபாய்க்குக் கிடைத்தது. பெண்ணின் வால் அடியில் கருகருவென்று முட்டைக் கொத்து. "நல்ல ஐட்டம்" என்று கடைக்காரர் அதற்குத் தனியாக மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன்.

மூடி போட்ட வாளியோடு ஆட்டோ ஏறினேன். ஓட்டுநர் திருநெல்வேலிக்காரர், திரும்பித் திரும்பிப் பார்த்தார். "யக்கா, அது வெளிய சாடிராதுல்லா?" வாளியோடு அலுவலகத்துக்குள் விடமாட்டார்கள் என்று சொன்னதும் அவர்தான். அதனால் வலியசாலை அக்ரகாரத்தில் இருக்கும் என் கல்லூரித் தோழி கோமதி வீட்டுப் பின்கட்டில் வாளியை வைத்துவிட்டு, போனில் எடுத்த படத்தோடு மீன்வள அலுவலகம் போனேன். ஆட்டோ அங்கேயிருந்து 60 ரூபாய்.

இரண்டு மேஜை தாண்டி, மூன்றாவதில் ஒரு பெண் அதிகாரி பொறுமையாகப் பேசினார். "சேச்சி, இத உயிரோட கொண்டுவர மத்திய அரசு பெர்மிட் வேணும். நோய் இல்லைன்னு சர்டிபிகேட், குவாரண்டைன், எல்லாம் உண்டு. இதுபோல பரவுற ஜாதின்னா, திங்கறதுக்குன்னு சொன்னாலும் கிட்டாது கேட்டோ."

"கடையில விக்காவளே?" என்றேன் விடாமல்.

"கடையில கிட்டும்னா அது நியமம் ஆகுமா? இது இறாலுக்கு ரோகம் கொடுக்கும். ஆத்து வெள்ளத்துல இறங்கினா நம்ம மீன் குஞ்செல்லாம் தின்னும். நீங்க வாங்கினதை எங்கேயும் விடாதீங்க. ப்ரீசர்ல வச்சுக் கொல்லணும்."

என் கடைக் கனவு அங்கேயே படுத்துவிட்டது. எரிச்சலோடு ஒன்றரை மணிக்கு வலியசாலை திரும்பினேன். பின்கட்டில் வாளி காலியாக இருந்தது.

"மூச்சு முட்டறாப்ல தவிச்சுதுடீ," என்றாள் கோமதி. "வாயில்லா ஜீவன், அதுவும் வயத்துல முட்டையோட. பாவமா இருந்தது. கெணத்துல விட்டுட்டேன் கேட்டியா."

அந்த வீட்டில் மாட்டிக்கொண்ட எந்த உயிரையும் விட்டுவிடுவதுதான் பழக்கம். அவளிடம் கத்தினேன், ஆனால் தப்பு வாளியை வைத்த என்னுடையது. மழைக்காலம், தண்ணீர் கிணற்று வாய்க்கு நாலடி கீழே நின்றது. இன்னும் இரண்டு மழை பெய்தால் கிணறு வழிந்து ஓடை வழியாகக் கிள்ளியாற்றுக்குப் போகும். அதிகாரி சொன்னதை அப்படியே சொன்னேன். கோமதியின் முகம் வெளுத்தது.

சாலை பஜாரில் கருவாடு வாங்கி வந்து இரை போடலாம் என்றேன். "அந்த வஸ்து வாசப்படி தாண்டப்படாது!" என்றாள் அந்த நிலையிலும். சரி, கருவாடு இல்லை. பையில் பிள்ளையாரின் தேங்காய் இருந்தது. உடைத்துக் கீறி, வெங்காய வலைப்பையில் கட்டி, அரிகூடைக்குள் வைத்து, கயிற்றில் இறக்கினோம்.

இரண்டரைக்கு ஆண் கிரேஃபிஷ் கூடையில் ஏறியது, அதை வாளியில் போட்டு மூடினேன். மூன்று மணி, நான்கு மணி, ஐந்து மணி. கூடையைத் தூக்கும்போதெல்லாம் வெறும் தேங்காய்தான். என் பேருந்து போய்விட்டது. முட்டையோடு இருப்பதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. ஆறேகாலுக்குக் கயிறு கோமதியின் கையில் இருந்தது. "பாரமா இருக்குடீ," என்று மெல்ல இழுத்தாள். கூடையில் அது.

இருவரும் வாளியோடு சமையலறையில் நின்றோம். ப்ரீசரிலிருந்த ஐஸ் தட்டுகளையும் வெண்ணெயையும் அவளே எடுத்து வெளியே வைத்தாள். "உள்ள வை. நான் பாக்கலே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாள். நான் இரண்டையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

இதே எண்ணத்தில் கிளம்புகிறவர்களுக்கு: வாரநாளில் பத்தரைக்குள் அலுவலகம் போங்கள், இனத்தின் பெயரும் படமும் போதும். உயிருள்ளதைக் கையில் எடுக்காதீர்கள். உறையவைத்து வருவதற்கும் தனி அனுமதி உண்டு, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொட்டி ஆர்டரை நான் ரத்து செய்துவிட்டேன்.

முட்டை எதுவும் கிணற்றில் உதிர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. கோமதி கிணற்று வாய்க்குக் கொசுவலை கட்டிவிட்டாள். தினமும் காலையில் தேங்காய்க் கூடையை இறக்கிப் பார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறாள்: "இன்னிக்கும் ஒண்ணுமில்லே." அதைப் படித்த பிறகுதான் நான் கடை திறக்கிறேன். இப்படியே மழைக்காலம் முழுதும் போய்விட்டால், பழவங்காடிக்கு மறுபடி ஒரு நாள் போக வேண்டும். பிள்ளையாருக்கு நான் ஒரு தேங்காய் தர வேண்டியிருக்கிறது.