நாற்காலியில் ஒரு தொப்பி

பியோ சன்-ரே ஒன்பது வருடமாகத் தேஜான் நகரத்து மருந்து நிறுவனம் ஒன்றில் இருக்கிறாள். ஊழியர் யாருக்காவது மின்னஞ்சல் திறக்கவில்லை என்றால் போனை எடுப்பவள் அவள்தான். வேலைதான் ஒன்பது வருடம். ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிப்பது. இந்த வருடத்தது மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று கேட்டால் மேலே யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கி ஒரு வாரமாகிறது.

சுசோக் என்னும் அறுவடைத் திருநாள் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அலுவலக மடிக்கணினியைப் பூட்டிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அப்படிப் போன மகராசன்களுக்கு அங்கே போய் இறங்கியதும்தான் வேலை ஞாபகம் வரும். உடனே பையன்கள் மணிக்கணக்கில் காசு கட்டிக் கணினியில் விளையாடும் 'பிசி பாங்' கடைக்கு ஓடி, அங்கிருந்து சன்-ரேயைக் கூப்பிடுவார்கள். அலுவலக அஞ்சலுக்குள் எப்படிப் போவது, எப்படி வெளியே வருவது என்று அவளும் ஒவ்வொருவருக்கும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்வாள்.

திருநாளுக்கு முதல் நாள் காலையில் துறைத்தலைவர் மேங்குக்கும் சொன்னாள். பதினொரு மணிக்கு வேலை முடிந்ததா என்று அவளே கூப்பிட்டுக் கேட்டாள்.

"முடிஞ்சுதும்மா. முன்னோர் கல்லறையில புல்லு வெட்ட மச்சான் இழுத்துட்டு வந்துட்டான். மலைமேல நிக்கிறேன்."

"வெளியேறிட்டுத்தானே சார் வந்தீங்க?"

"திரையை அணைச்சுட்டேனே! கடையில ரெண்டு மணி நேரத்துக்குக் காசு கட்டியிருக்கேன், திரும்பிப் போகணும். என் சாம்பல் தொப்பியை நாற்காலில போட்டு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

திரையைத்தான் அணைத்திருக்கிறார், கணினியை அல்ல. "ஃபைல் ஏதாவது இறக்குனீங்களா சார்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு. திறந்தபடியே இருக்கும். யார் கண்ணுலயும் படக்கூடாதும்மா. பட்டுச்சு, உன் பாடும் என் பாடும் அதோகதிதான்."

அவர் பாடாவது! பழி வந்தால் உதவி மேசையில் இருக்கும் அவள் தலையில்தான் விடியும். மாதக் கடைசியில் அதையே சாக்காக வைத்து அனுப்பிவிடுவார்கள். அவர் அஞ்சலை இங்கிருந்தே துண்டித்தாள். இறக்கிய ஃபைலை அப்படி இங்கிருந்து அழிக்க முடியாது. அந்தக் கடைகளில் கணினியை அணைத்தால் அதில் இறக்கியதெல்லாம் தானாக அழிந்துவிடும், அது ஒன்றுதான் வழி. காலையில் அவர் சொன்ன கடைப் பெயரை வைத்து எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள்.

"முதலாளி, நான் தேஜான்ல இருந்து பியோ சன்-ரே பேசறேன். தொப்பி வச்ச சீட்டைக் கொஞ்சம் அணைச்சுடுங்க!"

"எந்தத் தொப்பிம்மா? இன்னைக்கு இங்க பாதி சீட்டுல தொப்பிதான் உக்காந்திருக்கு! ஆளில்லாத சீட்டை அணைச்சேன்னா பசங்க என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவானுங்க."

"சாம்பல் தொப்பி. திரை அணைஞ்சிருக்கும். விளையாட்டு இருக்காது, ஏதோ ஃபைல் இருக்கும். கெஞ்சிக் கேக்கறேன், என் பொழப்பே அதுலதான் இருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே அவர் நடந்தார். யாரையோ நகரச் சொல்லி அதட்டினார். "தொப்பி இருக்கு. திரையைப் போடறேன் இரு. ம்... ஃபைல்தான். ஏதோ பேர்ப் பட்டியல். 'ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டாதவர்'னு மேல..."

"படிக்காதீங்க!" சன்-ரே கத்திவிட்டாள். "அணைச்சுடுங்க முதலாளி. யாரும் பாக்கக்கூடாது."

அவர் அணைக்கவில்லை. பின்னால் பையன்களின் கூச்சல் மட்டும் கேட்டது.

"ஏம்மா," என்றார் அவர். அதுவரை இருந்த அதட்டல் குரலில் இல்லை. "உன் பேரு என்ன சொன்னே?"

"பியோ சன்-ரே."

"ம்." தொண்டையைச் செருமினார். "அணைச்சுட்டேன்மா. எல்லாம் அழிஞ்சு போச்சு. யாரும் பாக்கல."

"ரொம்ப நன்றி."

அவர் போனை வைக்கவில்லை.

"சாப்பிட்டியாம்மா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னும் இல்லண்ணே," என்றாள்.

"முதல்ல போய் ஒரு வாய் சாப்பிடும்மா. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."