மூக்கம்மாவின் எட்டுத் தொட்டிகள்

நானும் என் அண்ணியும் வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு மூக்கம்மா என்று பெயர். வைத்தது நான்தான். காலை ஆறரைக்கு, ஸ்பைருலினா என்கிற சுருள்பாசி வளர்க்கும் கொட்டகைக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, ஒரு கை தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்ப்பாள். மொத்தம் எட்டுத் தொட்டி. நல்ல பாசியில் வெட்டிப்போட்ட புல்லும் குளத்துத் தண்ணீரும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை வரும். கெடத் தொடங்கினால் அதோடு சாக்கடை கலக்கும். கெட்டது நிறத்தில் தெரிய இரண்டு நாள் ஆகும்; அண்ணியின் மூக்கு அன்றே சொல்லிவிடும். அவள் தலையாட்டிய தொட்டியில்தான் அறுவடை.

முதலாளி முன்பு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். பி.எச். என்று சொல்லும் தண்ணீரின் காரத்தை அளக்கும் பேனா மாதிரி ஒரு மீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்டதிலெல்லாம் விட்டுப் பார்ப்பார். ஒருமுறை என் தேநீரிலும் விட்டார். அதனால் அவர் பி.எச். சார். அவருக்கு ஒரே பாட்டு: “நூறு கிராம் பொடியில அறுபது கிராம் புரதம். எந்தக் கறியில இருக்கு, எந்தப் பருப்புல இருக்கு? வெயிலும் தண்ணியும் போதும்.” மூட்டை மூட்டையாகச் சோடா உப்பைச் சுமந்து தொட்டியில் கொட்டுகிற எனக்கல்லவா தெரியும், வெறும் வெயிலும் தண்ணீரும் போதுமா என்று. ஆனால் மனிதர் நல்லவர். எங்கள் பொடியில் பாதி குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகும். எலும்பும் தோலுமாக வந்து சேரும் பிள்ளைகளுக்கு அதை பிஸ்கட்டில் கலந்து கொடுப்பார்கள்.

போன வருடக் காய்ச்சலில் என் அண்ணன் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள். அதற்குள் அண்ணிக்கும் அதே காய்ச்சல் வந்து, வீட்டு உள்ளறையில் தனியாகப் படுத்திருந்தாள். முகம் பார்க்கக்கூட அவளால் போக முடியவில்லை. கதவுக்கு வெளியே நின்று நான் சேதி சொன்னபோது உள்ளேயிருந்து “சரி” என்றாள். அவ்வளவுதான்.

பிறகும் அவள் அழவில்லை. தட்டில் போட்டால் சாப்பிடுவாள், போடாவிட்டால் கேட்கமாட்டாள். சொந்தக்காரர்கள் கல்நெஞ்சக்காரி என்றார்கள். அவர்களோடு சண்டைக்குப் போனவள் நான். உள்ளுக்குள் எனக்கும் அதே ஆத்திரம்தான். அவன் எனக்கும் அண்ணன் அல்லவா? கல்யாணம் வேண்டாம் என்று நின்ற என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டில் வைத்துக்கொண்டவன். ஒருநாள் பால் அடிப்பிடித்துக் கருகி, குளியலறையில் இருந்த எனக்கே வாடை வந்துவிட்டது. ஓடிவந்து பார்த்தால் அண்ணி அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எது எரிஞ்சா உங்களுக்கென்ன, இல்ல?” என்று கத்தினேன்.

அடுப்பை அணைத்துவிட்டு, “கவனிக்கல” என்றாள்.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். அங்கே மட்டும் கை தானாக ஓடியது. தொட்டியைக் கலக்குவாள், துணியில் வடிகட்டுவாள், பச்சை விழுதை நூல் நூலாகப் பிழிந்து வலைத்தட்டில் பரப்புவாள். முகர்வதும் பழையபடிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அந்தக் கொட்டகையும் இல்லாவிட்டால் இந்த மனுஷிக்கு வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதான் என்று எனக்குப் பயமாக இருக்கும்.

வெயில் கொளுத்திய ஒரு செவ்வாய்க்கிழமை. ஐந்தாம் தொட்டியின் தட்டுகளை உலர்த்தும் அறைக்குள் தள்ளப்போனேன். சாக்கடை நாற்றம் முகத்தில் அடித்தது. எனக்கே இந்த நாற்றம் தெரிகிறது என்றால் மூக்கம்மா எப்படி விட்டாள்? ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அண்ணி குனிந்து, எப்போதும்போல ஆழமாக மூச்சை இழுத்தாள். “நல்லாத்தானே இருக்கு.”

எனக்கு அந்தக் கருகிய பால் ஞாபகம் வந்தது. தட்டைக் கீழே வைத்தேன்.

“எத்தனை நாளா அண்ணி?”

“காய்ச்சல் வந்ததுலருந்து.”

“ஒண்ணுமே தெரியலையா?”

“ஒண்ணுமே.”

“அப்புறம் இத்தனை நாள் எப்படி?”

“கண்ணால, விரலால. நல்ல பாசி விரல்ல வழுக்கும். குச்சியில வெள்ளைத் தகட்டைக் கட்டி உள்ள விட்டு, எந்த ஆழத்துல மறையுதுன்னு வச்சுப் பாசி அடர்த்தியைப் பார்ப்பேன். இதுவரைக்கும் தப்பல.”

இரண்டு பேரும் ஐந்தாம் தொட்டிக்குப் போனோம். மேலே பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது. அண்ணி அடியில் கைவிட்டுத் துழாவினாள். ஒரு மூலையில், தண்ணீர் கசியாமல் இருக்க அடியில் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு மடங்கி, அந்த மடிப்புக்குள் பாசி படிந்து அழுகிப்போயிருந்தது. கை கறுப்பாக வெளியே வந்தது. அவள் அதைத் தண்ணீரில் அலசினாள், அவசரமில்லாமல்.

“இந்தத் தட்டுங்களை நான் குழியில கொட்டிடுறேன்” என்றேன். “ரூம்ல சூடு ஏறி வீணாயிடுச்சுன்னு சார்கிட்ட சொல்லிக்கலாம். நாளையிலருந்து நான் முன்னாடி போய் மோந்து பார்த்து உங்களுக்குச் சொல்றேன். ஈ காக்காய்க்குத் தெரியாது.”

“உனக்குச் சளி பிடிச்சா?”

“அன்னைக்குப் பார்த்துக்கலாம்.”

“நோயாளிப் புள்ளைங்க திங்குது.”

“சார் உங்களை வேலையை விட்டே அனுப்பிடுவாரு அண்ணி.”

“தெரியும்” என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நேராக அலுவலக அறைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“சார், எனக்கு வாசனை தெரியாது. ஏழு மாசமா.”

பி.எச். சார் மீட்டரை மேசைமேல் வைத்துவிட்டு அவளையே பார்த்தார். அவர் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “இதுவரைக்கும் நான் உலர்த்துனது எதுவும் நாறல சார். இது ஒண்ணுதான். இதுவும் வெளிய போகல.” அதற்குப் பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

“நீங்களே வந்து சொன்னீங்க, அது பெரிய விஷயம்மா. ஆனா இனிமே உங்களைத் தொட்டிகிட்ட விட முடியாது. லேபிள் ஒட்டுற வேலை இருக்கு. வாரத்துல ரெண்டு நாள்.”

“சரி சார்.”

எட்டுத் தொட்டியும் என் தலையில் விழுந்தன. மறுநாள் பூராவும் முகர்ந்து, கலக்கி, பிழிந்து, இடுப்பொடிந்து வீட்டுக்கு வந்தேன். அண்ணி விளக்குக்கூடப் போடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமைதான். சார்மேல் வந்த கோபத்தைவிட இவள்மேல் எனக்குக் கோபம் அதிகம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே?

“குளிச்சிட்டு வரேன்” என்றேன்.

“உன்மேல வாடை வருதா?”

“தொட்டி வாடைதான். எனக்கே சகிக்கல.”

“அந்த வாடையோட உங்க அண்ணன் என்னைக் கிட்ட சேர்க்கமாட்டாரு. பத்து வருஷமா வாசல்லயே நிறுத்தி, குளிச்சிட்டு வான்னுதான் சொல்லுவாரு” என்றாள். ஏழு மாதத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. “அவருக்குக் காய்ச்சல் வர்றதுக்கு முந்தின நாள், வேலையிலருந்து வந்து அப்படியே நிக்கிறேன். இங்க வந்து உட்காருன்னு கூப்பிட்டாரு. தோள்ல சாஞ்சுக்கிட்டாரு. மூஞ்சியைச் சுளிக்கவே இல்ல. ஆசையா கூப்பிடுறாருன்னு நினைச்சேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.”

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“அந்தக் காய்ச்சல் சில பேருக்கு மொதல்ல மூக்கைத்தான் பிடிக்குமாம். டாக்டர் அப்புறம்தான் சொன்னாரு. அன்னைக்கே அவருக்கு வாசனை போயிருச்சு. எட்டுத் தொட்டியில எது கெடப்போகுதுன்னு சொல்றவ நான், அதைக் கவனிக்கல. காய்ச்சல் வந்தும் மேல பார்க்க நல்லாத்தான இருந்தாருன்னு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம நாலு நாள் விட்டுட்டேன்.”

“அதை வச்சுக் காய்ச்சல் வரப்போகுதுன்னு யாருக்குத் தெரியும் அண்ணி?”

அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதும் அழவில்லை. நான்தான் அழுதேன், குளிக்காமலே அவள் பக்கத்தில் உட்கார்ந்து.