ஆணி அடிக்கக் கூடாத வீடு

வேங்கிக்காலில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஹவுஸ் ஓனருக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, வீட்டுக்குள் வரும் மழைத்தண்ணீர். இன்னொன்று, சுவரில் ஆணி. பணி ஓய்வு பெற்றவர், மாடியில் தனியாக இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். பால்காரர் மணியடித்து மணியடித்து அலுத்துப்போவார், அவருக்குக் கேட்காது. ஆனால் குடிவந்த புதிதில் என் கணவர் காலண்டர் மாட்ட ஆணியை வைத்து ஒரு தட்டுத்தான் தட்டினார். அடுத்த தட்டுக்குள் மனிதர் வாசலில் நின்றார்.

"சுவரு என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றார். அத்தோடு ஆணிப் பொட்டலம் சமையலறை டப்பாவுக்குள் போய்விட்டது. காலண்டர் பீரோ மேல் சாய்ந்தே கிடந்தது.

ஐப்பசி பிறந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. மொட்டை மாடியில் ஏறித் தண்ணீர் போகும் ஓட்டைகளில் சருகு எடுப்பார். தென்னை மட்டைகளை வெட்டச் சொல்வார். மீட்டர் பெட்டிக்கு பிளாஸ்டிக் கவர் போட்டுக் கயிற்றால் கட்டுவார். "இவர் வீட்டைப் பார்த்துக்கிறதுல பாதியாவது நீங்க என்னைப் பார்த்துக்கக் கூடாதா?" என்று கணவரைச் சீண்டுவேன். உண்மையில் அப்படியொரு ஓனர் கிடைத்ததில் எங்களுக்குப் பெருமைதான்.

அந்த வருஷம் கார்த்திகையில் எனக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. தையல் முழுக்க ஆறவில்லை. புயல் வருகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் என் கணவரைப் புயல் டியூட்டி என்று காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். துணைக்கு இருந்த அம்மா, மாடு கன்று போட்டது என்று முந்தின நாள் ஊருக்குப் போனவள், பஸ் ஓடாததால் திரும்ப முடியவில்லை. நானும் குழந்தையும் மட்டும் இருந்தோம்.

பின்வாசலை ஓனர் ஏற்கெனவே வெளியிலிருந்து பலகை அடித்து, சிமெண்ட் பூசி அடைத்திருந்தார். போன மழைக்குத் தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்ததாம். கணவர் கிளம்பிப் போன பிறகு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். அவர்களோடு மணல் மூட்டைகளும் வந்தன.

"வாசலையும் அடைச்சுடறேம்மா. பச்சை உடம்பு, நீங்க எங்க வெளிய போவப்போறீங்க? சார் வந்ததும் நானே வந்து எடுத்துடறேன்."

"சரிங்க சார்" என்றேன். நன்றியோடுதான் சொன்னேன். முன்வாசலின் இரும்பு கிரில் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. அதன் மேலேயே மூட்டைகளை இடுப்பளவு அடுக்கி, இடுக்கில் தார்ப்பாயைச் செருகிவிட்டு இருவரும் போனார்கள். இனி கதவைத் திறக்க முடியாதே என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

மத்தியானம் குழந்தைக்குப் பால் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பாத்ரூமில் கிடக்க வேண்டிய என் செருப்பு ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது. ஒற்றைச் செருப்பு. அதுவாகவே மெல்லத் திரும்பி, சோபாக் காலில் முட்டி நின்றது. எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் புரியவில்லை. பயம்கூட வரவில்லை. செருப்பு எப்படி நடக்கும் என்றுதான் யோசித்தேன். காலைக் கீழே வைத்தபோது கணுக்கால் வரை சில்லென்றது.

வாசல் வழியாக ஒரு சொட்டு வரவில்லை. அவர் அடைத்த அடைப்பு அப்படி. தண்ணீர் பாத்ரூம் ஓட்டையிலிருந்து குமிழிவிட்டுக்கொண்டு மேலே வந்தது. வந்த தண்ணீர் வெளியே போக ஒரு பொத்தல்கூட வீட்டில் இல்லை. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கரண்ட் காலையிலேயே போயிருந்தது நல்லதாகப் போயிற்று.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். மரக்கதவு திறந்தது. கிரில் கதவைத் தள்ளினேன். உள்ளங்கை நுழையும் அளவுக்கு நகர்ந்து நின்றுவிட்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். தையல் சுரீரென்று இழுத்தது, கதவு அசையவில்லை. அப்போதுதான் புரிந்தது. எங்களைக் காப்பாற்ற வைத்த மூட்டைகள் எங்களையே உள்ளே போட்டு அடைத்திருந்தன.

கணவருக்குப் போன் போகவில்லை. ஓனர் இடி இடித்தால் போனை அணைத்து வைத்துவிடுகிற ஆள். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. தெருவில் ஈ காக்காய் இல்லை. எப்போதும் ஜன்னலில் தெரிகிற மலைகூடத் தெரியவில்லை, மழைதான் தெரிந்தது. "சார், சார்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கரண்டியால் கிரில்லில் அடித்தேன். மழை இரைச்சலில் எனக்கே அது கேட்கவில்லை.

முழங்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. குழந்தையைச் சமையல் மேடையில் புடவை மடிப்புக்குள் படுக்க வைத்தேன். காலி சிலிண்டர் சாய்ந்து மிதந்து வந்து என் காலில் இடித்தது. இந்த மேடை உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் குழந்தையை எங்கே வைப்பது? பரண்மேல் வைக்கலாம், ஆனால் ஏறித் தூக்கி வைக்க என்னால் முடியுமா? அழக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

எதிரே அலமாரியில் ஆணி டப்பா இருந்தது.

இஞ்சி இடிக்கிற இரும்பு உலக்கையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன். மாடியில் ஓனர் கட்டில் போட்டிருக்கும் அறைக்கு நேர் கீழே, எட்டும் உயரத்தில் சுவரில் ஆணியை வைத்து அடித்தேன். விரலில் ஓர் அடி விழுந்தது. வலிக்கவில்லை. ஆணி வளைந்தது, வேறு ஆணி எடுத்து அடித்தேன். காரை பெயர்ந்து விழுந்தது. பைத்தியம் பிடித்தவள் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தேன்.

மாடிப்படியில் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே கோபமான குரல் வந்தது.

"யாருங்க அது ஆணி அடிக்கறது? மழையில இதுதான் வேலையா?"

கிரில் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். முழங்கால் தண்ணீரில் உலக்கையோடு நான் நின்றிருந்தேன். குடையைக் கீழே போட்டார். காற்று அதை உருட்டிக்கொண்டு போனதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நனைந்து ஊறிய மூட்டைகளை அந்த வயதில் எப்படி இழுத்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இழுக்கும்போது "ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் உள்ளே வந்து மேடையிலிருந்த குழந்தையை எடுத்து, தன் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு படியேறினார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன்.

மேலே போய்த் துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தார். காபி போடுகிறேன் என்று அடுப்பைப் பற்ற வைத்தவர் பாத்திரம் வைக்கவே மறந்து, எரிகிற நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கோயிலுக்குப் போவலாம்னு சட்டையெல்லாம் மாட்டிட்டேம்மா. மழை ஜாஸ்தியா இருக்குதேன்னு நின்னுட்டேன்."

அவர் உடம்பில் இருந்தது வெளியே போகிறபோது மட்டும் போடும் வெள்ளைச் சட்டை. அதைப் பார்த்ததும் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

தண்ணீர் வடிந்த பிறகு வீட்டைக் கழுவி வெள்ளையடித்தார்கள். ஹால் சுவரில் நான் அடித்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. பெயின்டரிடம் அவர்தான் விடச் சொன்னாராம்.

அடுத்த ஐப்பசியில் கதவைத் தட்டினார். குழந்தை தத்தித் தத்தி வந்து என் காலைக் கட்டிக்கொண்டது. வழக்கம்போல மணல் மூட்டைதான் என்று நினைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். அவர் கையில் இருந்தது ஒரு புதுச் சுத்தியல்.

"இந்த வருஷம் வாசல்ல மூட்டை கிடையாது. கிரில்லையும் உள்பக்கம் திறக்கற மாதிரி மாத்தச் சொல்லிட்டேன். எதுக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும்" என்று சுத்தியலை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். படியேறப் போனவர் பாதியில் நின்று திரும்பினார்.

"எந்தச் சுவத்துல வேணா அடிங்கம்மா. எனக்குக் கேக்கும்."