கொடுக்காமல் வைத்திருந்த தண்ணீர்

மாமியாருக்குக் குடலில் ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் டாக்டர் இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தார். நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டுவேன், அர்த்தம் தெரியாது. முதல் வார்த்தையை விரலால் தொட்டு நர்சம்மாவிடம் கேட்டேன்.

"வித்ஹோல்டுங்கக்கா. வாயில தண்ணிகூடக் குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காரு."

"நிறுத்தறதுங்களா?"

"வெறுமனே நிறுத்தறது இல்லீங்க. நம்ம கையில இருக்கும், அவிங்களுக்கு அது வேணும். தெரிஞ்சே குடுக்காம வெச்சுக்கறது. பரீட்சை ரிசல்ட்டை வெச்சுக்கறாங்கல்ல, அதுக்கும் இதேதான். சேதியச் சொல்லாம வெச்சுக்கிட்டாலும் இதேதான்."

சேதி என்றதும் அட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

அதற்கு மூன்று வருஷம் முன்பு, ஈரோட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தோம். அன்னூரிலிருந்து என் பெரியப்பா மகன் பஸ் ஏறி வந்து, என் அப்பா சாகுந்தறுவாயில் என்னைக் கேட்டுக்கொண்டே கிடக்கிறார், உடனே அனுப்புங்கள் என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறார். "சொல்லி அனுப்பறேன் தம்பி" என்று மோர் கொடுத்து வழியனுப்பிவிட்டு, மாமியார் மஞ்சள் வேகும் கொப்பரைக்கு வந்து என்னோடு மஞ்சள் அள்ளினார். கடைசிக் கொப்பரை இறங்கிய பிறகுதான், மூன்றாம் நாள் எனக்குச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். ஊசி மயக்கத்தில் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, அட்டையில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். "குடல் வேலை செய்யுது. முழிச்சதும் ரெண்டு ரெண்டு ஸ்பூனா தண்ணி குடுங்கம்மா" என்று என்னிடம் சொல்லிப் போனார்.

சற்று நேரத்தில் மாமியார் கண் திறந்தார். "அம்மணி, நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒரு மொடக்கு தண்ணி குடு கண்ணு."

"டாக்டர் சொல்லோணுமுங்க அத்தை."

சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பைத் தொடவில்லை. டிரிப்ஸ் ஏறுகிறது, உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் செய்தேன். மருதமலைத் திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினேன். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தேன். பஞ்சை அவர் சப்பப் பார்த்தார். எடுத்துவிட்டேன்.

பக்கத்துக் கட்டில் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "என்ற மருமவ எட்டிக்கூடப் பாக்கறதில்லீங்க. நீங்க குடுத்து வெச்சவீங்க" என்றார்.

ஒரு மணிக்கு நர்சம்மா தலையை நீட்டினார். "தண்ணி எறங்குதுங்களாக்கா?" நல்லவேளை, மாமியார் கண்ணயர்ந்திருந்தார். "எறங்குதுங்க" என்றேன்.

மூன்று மணி இருக்கும், மாமியார் மறுபடி முழித்தார். "குடிக்கல கண்ணு. அந்தச் சொம்பையாச்சும் இக்கட்டால வெய்யி. பாத்துட்டுப் படுத்திருக்கறேன்."

சொம்பைக் கண்ணுக்கு நேராக நகர்த்தி வைத்தேன். பிறகு அவர் காதருகில் குனிந்தேன். "எங்கப்பனும் இப்படித்தானுங்க அத்தை, ரெண்டு நாள் என்னையக் கேட்டுட்டே கெடந்தாருங்களாமா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கால்மாட்டு அட்டையைப் பார்த்தார். அவருக்குப் படிப்பு இல்லை. ஆனால் ஒரு வரியை அடித்திருப்பது எழுத்துத் தெரியாதவருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டார். அதன்பின் கேட்கவில்லை.

நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். "தண்ணி குடுக்கச் சொல்லியாச்சுங்க" என்றேன். அவர் ஸ்பூனில் ஊட்ட, மாமியார் கண்ணை மூடிக் குடித்தார். மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் மட்டும், நான் பக்கத்தில் இருக்கும்போது பார்த்துச் சொல்வார். "என்ற மருமவ கண்டிசனுங்க. செத்தே போனாலும் ஒரு சொட்டுக் குடுக்க மாட்டா." அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் இருந்தார். நான் போட்ட சோற்றைத் தின்றார். தண்ணீர் மட்டும் என்னிடம் கேட்டதே இல்லை. மகன் வரும்வரை காத்திருப்பார், இல்லாவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போவார்.

முருகனிடம் மலையேறி அழுதிருக்கிறேன். மாமியாரிடம், தெரிந்துதான் கொடுக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. வாய்வரை வரும். அவரும் சில நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சொம்பைக் கழுவப் போய்விடுவேன்.