தந்தியின் காரில் பேசிய பெண்

டாக்ஸி ஸ்டாண்டில் அவரைத் தந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குப் பேச்சு திக்கும். அதனால் ஒரு வாக்கியத்தில் எதையெல்லாம் விட்டுவிட முடியுமோ அதையெல்லாம் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்வார். "ஏன் லேட்டு?" என்று கேட்டால் "டயர்" என்பார். "சாப்பிட்டாச்சா?" என்றால் "ஆச்சு." அந்தப் பெயரை வைத்தவர் பக்கத்து வண்டிக்காரர். அவர் சாதாரணமாகப் பேசினாலே எதிரிலிருக்கும் ஆஸ்பத்திரியின் மாடி வார்டு வரை கேட்கும் என்பதால் அவருக்கு மைக்செட் என்று பெயர். பட்டப்பெயர் வைப்பதில் அந்த ஸ்டாண்டில் யாரும் யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை.

வண்டியில் ஏறியவர்களிடம் தந்திக்கு அதிகக் கஷ்டம் இருந்ததில்லை. போகிற இடத்தைச் சொல்வார்கள், இவர் தலையாட்டுவார், தீர்ந்தது வேலை. கஷ்டம் போனில்தான். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? "வணக்கம்" என்பதில் வருகிற முதல் எழுத்தே அவரைக் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும். எதிர்முனையில் இருப்பவர் நான்கு முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

அதனால் வாடகைக்குக் கூப்பிடும் நம்பர் கல்யாணமான புதிதிலேயே மனைவியின் கைக்குப் போய்விட்டது. சமையலறை ஜன்னலோரம் போனை வைத்துக்கொண்டு, காய் நறுக்கிக்கொண்டே, "வணக்கம், டாக்ஸி. சொல்லுங்க, எங்க வரணும்?" என்பார். கணீரென்ற குரல். விவரத்தை வாங்கிக் கணவருக்கு மெசேஜ் தட்டிவிடுவார். வாடிக்கையாளர்கள் பலர் தந்திக்குப் பின்னால் பெரிய ஆபீஸ் இருப்பதாகவே நினைத்திருந்தார்கள். "உங்க ஆபீஸ் அம்மா ரொம்ப மரியாதையா பேசறாங்க" என்று ஒருவர் சொன்னபோது, தந்தி அதை வீட்டில் வந்து சொன்னார். அன்று முழுவதும் மனைவி அவரை "டிரைவர்" என்றுதான் கூப்பிட்டார்.

அந்தக் குரல் ஒரு மழைக்காலத்தில் கரகரக்கத் தொடங்கியது. சளி என்று விட்டுவிட்டார்கள். சளி போன பிறகும் கரகரப்பு போகவில்லை. குரல்நாணில் சிறிய கட்டி இருக்கிறது, பயப்படும்படியானது அல்ல, ஆனாலும் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். எடுத்த பிறகு சில வாரங்கள் வாயே திறக்கக்கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது.

"அப்புறம் பழையபடி வந்துடுமா டாக்டர்?"

"பேச்சு வந்துடும். அதே குரல் வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

வெளியே வந்ததும் மனைவி கேட்டது குரலைப் பற்றியல்ல. "போனை யாருங்க எடுப்பாங்க?"

வீட்டில் இருப்பது அவர்கள் இருவர்தான்.

அதே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு குரலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தந்தி ஒரு வார்த்தையோடு போராடுவதைக் கவனித்தார். "இன்னொருத்தர் கூடச் சேர்ந்து சொல்லும்போது உங்களுக்குத் திக்குதா?" என்று கேட்டார். திக்காது. மனைவி சாமி படத்துக்கு முன்னால் பாடும்போது கூடப் பாடினால் ஒரு எழுத்துகூடத் தடுக்காது. "அப்போ இவங்க பேசறதை ரெக்கார்டு பண்ணி வச்சுக்கிட்டு, கூடவே பேசிப் பழகுங்க. முழுசா சரியாகும்னு சொல்லலை. கொஞ்சம் பிடிமானம் கிடைக்கும்."

மின்விசிறியை நிறுத்திவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, இருக்கிற கரகரப்போடு மனைவி தந்தியின் போனில் பேசிப் பதிந்தார். "வணக்கம், டாக்ஸி. எங்க இருக்கீங்க? அங்கேயே நில்லுங்க. இதோ வந்துடறேன்." நடுநடுவே கணவருக்கென்று தனியாகவும் சொல்லிவைத்தார்: "அவசரப்படாதீங்க. மூச்சை விட்டுட்டு மெதுவா ஆரம்பிங்க."

பழகுவதற்கு நேரம் கிடைப்பது காரில்தான். ஆனால் அந்தப் பழைய காரில் ரேடியோவைத் தவிர வேறெதுவும் பாடாது. கேசட் வாயில் எந்தக் குழந்தையோ நாணயத்தைப் போட்டு அது செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. போனை அப்படியே பேசவிட்டால் என்ஜின் சத்தம் அதை அமுக்கிவிடும். செல்போன் கடைக்காரர் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் ஓட்டையில செருகுங்க. போன்ல ஓடறதை இது காத்துல விடும், உங்க ரேடியோ பிடிச்சுக்கும். காருக்குள்ள ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன்னு வச்சுக்கங்களேன். இதுல என்ன நம்பர் இருக்கோ அதே நம்பரை ரேடியோலயும் வைக்கணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான் இல்லை. வேறு ஸ்டேஷன் வராத நம்பராகப் பார்த்து வைக்க வேண்டும். கடைக்காரர் வைத்துக்கொடுத்த நம்பர் ஆஸ்பத்திரிப் பக்கம் சுத்தமாக இருந்தது. மேம்பாலம் ஏறினால் மட்டும் எங்கிருந்தோ ஒரு வானிலை அறிக்கை வந்து மனைவியின் பேச்சை விழுங்கும். "எங்க இருக்கீங்க?" என்று அவர் கேட்பார், "கடலோரப் பகுதிகளில்" என்று பதில் வரும். இறங்கியதும் மனைவி திரும்பிவிடுவார். தந்தி கண்ணாடியை ஏற்றிவிட்டு, முன் ஸ்பீக்கரிலிருந்து வரும் குரலோடு தன் குரலையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போவார். சேர்ந்து சொல்லும்போது சரளமாக வரும். தனியாகச் சொன்னால் பழைய கதைதான். ஆனாலும் சில நாட்களில் அந்த 'வ' கொஞ்சம் இளகியதுபோல் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாடகைக்குக் கூப்பிடும் போன் தந்தியின் சட்டைப் பைக்கு வந்தது. மறுநாள் காலையிலேயே அடித்தது.

"வ... வ... வணக்கம். டா... டாக்ஸி."

"ஹலோ? உங்க லைன் விட்டு விட்டு கேக்குதுங்க."

"ஆ... ஆமாங்க. லைன் கொஞ்சம் அப்படித்தான். எ... எங்க வரணும்?"

சொன்னார்கள். தந்தி போனார். வியர்த்துவிட்டிருந்தது, ஆனால் போனார்.

இதற்கிடையில் மைக்செட்டுக்கும் அந்தக் கருவி தேவைப்பட்டது. தந்தி வாங்கிய எதையும் அவர் வாங்காமல் விட்டதில்லை. அதே கடை, அதே கருவி, கடைக்காரர் வைத்துக்கொடுத்த அதே நம்பர். ஒரு மதியம், பாட்டுப் போடுவதற்கு முன் ரேடியோவை அந்த நம்பருக்குத் திருப்பியவர் காதில் ஒரு பெண்குரல் விழுந்தது.

"எங்க இருக்கீங்க? அங்கேயே நில்லுங்க. இதோ வந்துடறேன்."

மைக்செட் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்து வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தந்தி உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. முகத்தில் சிரிப்பு வேறு.

"அவசரப்படாதீங்க" என்றது ரேடியோ.

தந்தி அங்கே தலையை ஆட்டினார்.

மைக்செட்டுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவன் போனில் பேசுவது எப்படியோ ரேடியோவில் கசிகிறது. பேசுவது இவன் மனைவியாக இருக்க முடியாது. அந்தம்மாவுக்குத்தான் தொண்டையில் ஆபரேஷன், வாய் திறக்கக்கூடாதே! வாழ்க்கையில் முதல்முறையாக மைக்செட் ஒரு விஷயத்தை மெதுவாகச் சொன்னார். சொன்னது தன் மனைவியிடம்.

மைக்செட்டின் மனைவி நல்லவர். நல்லவர் என்பதால்தான் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சூடாக ஒரு டப்பா சூப்பை எடுத்துக்கொண்டு படியேறி வந்து, தந்தியின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடம்பு முடியாம இருக்கும்போது இதைச் சொல்றதான்னு மனசு அடிச்சுக்குது. ஆனா நாளைக்கு நீ என்னைக் கேக்கக்கூடாது பாரு. உன் வீட்டுக்காரரு கார்ல உக்காந்துக்கிட்டு எவளோடயோ பேசறாராம். 'இதோ வந்துடறேன்'னு சொல்றாளாம். ரேடியோவுலயே வந்துச்சாம்!"

தந்தியின் மனைவிக்கு முதலில் திக்கென்றது. ரேடியோ என்றதும் விளங்கிவிட்டது. விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"ஆமாம்மா, உனக்குத்தான் துரோகம்."

தலையாட்டி மறுத்துவிட்டுத் தொண்டையைக் காட்டினார்.

"தொண்டையை அடைக்குதா? அழாதே, தையல் போட்ட இடம்."

சிரிக்கவும் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவர் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. மைக்செட்டின் மனைவி அதைப் பார்த்துத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தந்தி உள்ளே வந்தார்.

"வாங்கண்ணே. யாருண்ணே அவ?"

"அ... அ... அது..."

"பாரு, வார்த்தையே வரலை!"

தந்தியின் காது சிவந்துவிட்டது. சொல்ல வேண்டியது இரண்டே வரி. அது நெஞ்சுக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. மனைவி எழுந்து அவர் எதிரில் வந்து நின்றார். சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் மெதுவாக அசைத்தார். தந்தி அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே கூடச் சொன்னார்.

"அது இவ... குரல்தான். முன்னாடியே ரெக்கார்டு பண்ணது. போன்ல பேசறதுக்கு... பழகிக்கிட்டிருக்கேன்."

இரண்டு இடத்தில்தான் தடுக்கியது. மைக்செட்டின் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த மனுஷனை வீட்டுக்குப் போய் வச்சுக்கறேன்" என்று எழுந்து போனார். வைத்துக்கொண்டிருப்பார் போல. மறுநாள் ஸ்டாண்டில் "தந்தி, என்னை மன்னிச்சுடுப்பா, தப்பா நினைச்சுட்டேன்!" என்று மைக்செட் கேட்ட மன்னிப்பு ஆஸ்பத்திரி முழுவதும் கேட்டது. இனி எவரும் ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை என்பதால் தந்தி கருவியின் நம்பரை மாற்றிக்கொண்டார். புது நம்பரிலும் மேம்பாலத்தில் மட்டும் வேறொரு ஸ்டேஷன் குறுக்கே வந்தது.

மறுபரிசோதனைக்குப் போகும் வழியில் மனைவி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கருவி செருகியே இருந்ததால், வண்டியைக் கிளப்பியதும் ரேடியோவில் அவர் குரலே வந்தது. "வணக்கம், டாக்ஸி." காரில் அதை அவர் கேட்பது அதுதான் முதல்முறை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நி... நிறுத்தட்டுமா?"

வேண்டாம் என்று கையை ஆட்டினார். முடிந்ததும் தானே போனை எடுத்து மறுபடியும் போட்டார். பழைய குரல் வராவிட்டால் என்ன செய்வது என்று அவரும் நினைத்திருக்கிறார், சொல்லவில்லை என்பது தந்திக்கு அப்போதுதான் உறைத்தது. மேம்பாலத்தின்மேல் ஏறாமல் வண்டியைக் கீழ்ச் சாலையில் விட்டார். சுற்றுவழிதான்.

டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார். மனைவி முதலில் கேட்டது தண்ணீர். கனத்து, அடியில் இறங்கிய வேறொரு குரல்.

"எப்படிங்க இருக்கு?" என்று வராந்தாவில் கேட்டார்.

"ந... நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொல்லாதீங்க."

"ப... பழகிடும்."

"ஆமா. எனக்கும் பழகணும்."

பழகியது. வாடிக்கையாளர்களில் சிலர், பழைய ஆபீஸ் அம்மா வேலையை விட்டுவிட்டாரா என்று கேட்டார்கள். தந்திக்குத் திக்குவது நிற்கவில்லை, நிற்கவும் போவதில்லை. ஆனால் போன் முழுவதுமாக மனைவியிடம் திரும்பிப் போகவில்லை. காலையில் அவர் எடுப்பார், மாலையில் மனைவி.

சென்ற மாதம் ஒருவர் கார் வேண்டுமென்று கூப்பிட்டுவிட்டு, தந்தி போய்ச் சேருவதற்குள் வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டார். முன்பென்றால் தந்தி பேசாமல் திரும்பி வந்திருப்பார். இப்போது அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, "இ... இது நியாயமாங்க?" என்று ஆரம்பித்தார். மற்றவர்கள் சண்டை போடுவதைவிட அவருக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. அந்த ஆள் நடுவில் "சரிங்க, புரிஞ்சுது" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். தந்தி விடவில்லை. சொல்ல வந்த அத்தனையையும் கடைசிச் சொல்வரை சொல்லி முடித்த பிறகுதான் போனை வைத்தார்.