ஆபீசர் ஏறிய படகு

தீவிலிருந்த ஒரே விடுதியின் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் தொங்கும். அதனால் எல்லோருக்கும் அவள் சாவியக்கா. முதலாளி அக்கரையில் இருந்தார். அவர் வருவதும் கூரை ஒழுகுவதும் அவளுக்கு ஒன்றுதான், இரண்டுமே வேலை வைக்கும். விரிப்பை உதறுவது, குழாயைத் திருகுவது, வந்தவர்களின் அசட்டுக் கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. “கடலை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். “சாப்பிட்டுட்டு வாங்க சார், திறந்துருவாங்க,” என்றாள்.

விடுமுறைக்கு வருகிறவர்களுக்குக் கடைசி இரண்டு நாளில்தான் புத்தி பேதலிக்கும் என்பது அவள் அனுபவம். அதுவரை குறட்டை விட்டவர்கள் திடீரென்று சூரியனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். “இங்கேயே இருந்துரலாம் போல இருக்கு” என்று சொல்லாத ஆளே கிடையாது. சொல்லிவிட்டுச் சமர்த்தாகப் பெட்டியைக் கட்டிப் படகேறிவிடுவார்கள்.

ஆபீசர்தான் சொன்னதைச் செய்யத் துணிந்தார்.

ஏதோ அலுவலகத்தில் பெரிய நாற்காலி அவருக்கு. மனைவியோடு வந்தவர், வந்த நாளிலிருந்து வலை ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. டீ, துண்டு, தலையணை எல்லாம் அந்த அம்மாதான் சுமந்து வந்தார். புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் ஆபீசர் ஊஞ்சலிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்.

“நான் வரலை. நீ மட்டும் போய் வீட்டைப் பூட்டிட்டு, துணிமணியை எடுத்துட்டு வந்துரு.”

அந்த அம்மா மடித்து வைத்த சட்டையைப் பிரித்து, மறுபடி மடித்தார்.

சாவியக்கா முன்பதிவு நோட்டைப் புரட்டினாள். மறுநாள் அந்த அறைக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள். பேசிப் பிரயோசனம் இல்லை, வேலை கொடுத்தால் தானாக ஓடிவிடுவார் என்று கணக்குப் போட்டாள்.

“ரொம்ப சந்தோஷம் சார். இனிமே நீங்க நம்ம ஆளு. நம்ம ஆளுங்க ஊஞ்சல்ல படுக்கிறதில்ல. தண்ணித்தொட்டி பாசி பிடிச்சுக் கிடக்கு, வாங்க.”

நாற்றத்துக்கே ஓடுவார் என்று பார்த்தால், மனிதர் பேண்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு உள்ளே குதித்தார். பாட்டு வேறு. தேய்த்து முடித்த கையோடு எந்தக் குழாயையோ திருக, விடுதிக்கென்று வைத்திருந்த நல்ல தண்ணீர் அத்தனையும் கடலோடு போய்ச் சேர்ந்தது. அதற்கும் அசரவில்லை. சமையல்காரனை நிமிர்ந்து நின்று வெங்காயம் நறுக்கச் சொன்னார். படகுத்துறைக்குப் போய், இருபது வருஷமாகப் படகு ஓட்டும் சாவியக்காவின் புருஷனுக்குக் கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்தார்.

புருஷன் அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும் வீடு தேடி வந்தார். “அவரை நீ அனுப்பி வைக்கிறியா, நான் நடுக்கடல்ல இறக்கி விடவா?”

வேறு வழியில்லாமல் சாவியக்கா அந்த அம்மாவிடம் போனாள். “நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா.”

“போகலாம்னு சொன்னா போகமாட்டார்,” என்றார் அந்த அம்மா. எழுந்து, மறுபடி ஊஞ்சலில் சாய்ந்திருந்த புருஷனிடம் போய், “ஏங்க, இங்கேயே இருந்துருவோம். உங்க நாற்காலியைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துருவாங்க. கொடுக்கட்டுமே, நமக்கென்ன,” என்றார்.

ஆபீசர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். “யாருக்கு, அந்த ஜால்ராவுக்கா?”

மறுநாள் காலை படகுக்கு முன்னால் அவர் துறையில் நின்றார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் கரையில் வெறுங்கையோடு நின்ற மனைவியைக் கவனித்தார்.

“உன் பை எங்க?”

“நான் ஒரு வாரம் கழிச்சு வரேங்க.”

“அப்ப நான் சாப்பாட்டுக்கு…”

“அடுப்பைத் திருகினா பத்திக்கும்ங்க.”

பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தவரை ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியது. சாவியக்காவின் புருஷன் வழக்கத்தைவிட வேகமாகவே ஓட்டினார்.

சாமான் அறையை ஒட்டிய சின்ன அறைக்குத் தன் பையை மாற்றிக்கொண்டு, அந்த அம்மா ஊஞ்சலில் போய்ச் சாய்ந்தார். சாவியக்காவுக்கு எரிச்சலாக இருந்தது. “என்னைச் சாக்கா வச்சு உங்க காரியத்தை முடிச்சுக்கிட்டீங்களேம்மா.”

“நீங்கதானே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னீங்க. உட்காருங்க.”

“அறை கூட்டணும்.”

“அது எங்க ஓடப் போகுது?”

சாவியக்கா பக்கத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து அவரோட மூக்குக்கண்ணாடியைத் தேடுறேன்,” என்றார் அந்த அம்மா. “இங்க வந்தும் மணல்ல தேடினேன். இன்னிக்கு மூஞ்சியில மாட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். இனி தொலைச்சா அவர் பாடு.”

சாவியக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் நாற்காலிக்குள் சரிந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல், உட்கார்ந்து பார்த்தாலும் அதே கடலாகத்தான் இருந்தது. ஆனால் முட்டி வலி இல்லை. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். இவள் செருப்பைக் கழற்றிப் போட்டாள்.

மதியம் படகு திரும்பியது. புது ஆட்கள் தொப்பியும் பையுமாக எட்டிப் பார்த்தார்கள்.

“அறை தயாரா?” என்று புருஷன் கேட்டார்.

விரிப்புகூட உதறவில்லை. “இல்ல. தீவைச் சுத்திக் காட்டிட்டுக் கூட்டிட்டு வாங்க.”

“என்னத்தைக் காட்டுறது? பாறையும் பறவை எச்சமும்தான் இருக்கு.”

“அதைக் காட்டுங்க.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இன்ஜினைக் கிளப்பினார். புது ஆட்கள் கைதட்டினார்கள். சாவியக்கா காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.